கொலோசியத்தின் வாசலோடு எங்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்

குமரி மாவட்டத்திலிருந்து ரோமாபுரிக்கும் எருசலேமுக்கும் புனிதப் பயணம் அழைத்துச் செல்லும் அருட்தந்தையர்க்கும், சபைப் பொறுப்பாளர்களுக்கும், டிராவல்ஸ் நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

இயேசுவுக்கே புகழ்.

உங்கள் பயண நோட்டீஸ்களில் 'கொலோசியம்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கிறது. மனிதரும் விலங்கும் மோதிச் சாவதை ஊரே உட்கார்ந்து பார்த்த ரோமாபுரியின் பழைய களம் அது. பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டோரம் நின்று, குரூப் போட்டோ எடுத்து, மறுபடி பஸ் ஏறுவதுதான் அந்த வரிக்கு அர்த்தம் என்பது பணம் கட்டுகிறவர்களுக்குத் தெரியாது. ரோமில் போய் இறங்கிய பிறகுதான் தெரியும். அந்த வரியை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல். எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். அரை நாளாவது கொடுங்கள். புறப்படும் முன்பே அது என்ன கட்டடம், யார் கட்டியது, எதற்குக் கட்டியது என்று தமிழில், உண்மையாகச் சொல்லிக்கொடுங்கள்.

நான் விளவங்கோடு வட்டத்துக்காரி. அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். உங்களில் ஒருவர் நடத்திய பயணத்தில்தான் முதலில் ரோமைப் பார்த்தேன். அவர் யார் என்று எழுதப்போவதில்லை. வேறு குழுக்களில் போய்வந்த என் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் சொல்வது ஏறக்குறைய இதே கதைதான், ஒருவரை மட்டும் சொல்வது நியாயமாகாது. பிற்பாடு, இத்தாலியில் நர்ஸாக இருக்கும் என் மகள் வீட்டில் போய்த் தங்கியிருந்தபோது அதே கொலோசியத்துக்குள் நிதானமாக நடந்தேன். அன்று கண்டதெல்லாம், என்னோடு அந்த பஸ்ஸில் வந்தவர்களும் கண்டிருக்க வேண்டியது.

அந்த பஸ்ஸில் வருகிறவர்கள் யாரென்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டியவர்கள். வருஷக்கணக்காகச் சீட்டுக் கட்டிச் சேர்த்தவர்கள். வளைகுடாவில் பிள்ளை சம்பாதித்து அனுப்பிய காசில் வந்த தாய்மார்கள். குளச்சலிலும் முட்டத்திலும் கடலோடு மல்லுக்கட்டி ஓய்ந்த பெரியவர்கள். 2022 மே 15 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் நம் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்களே, அதன் பிறகு நம் ஊர்களில் ரோமுக்குப் போகிற ஆசை இன்னும் கூடியிருக்கிறது. நட்டாலத்தில் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்து, காற்றாடிமலையில் உயிர்விட்ட ஒரு மனிதரின் பெயரை அங்கே உலகமே கேட்டது. நம் சனங்கள் போகாமல் இருப்பார்களா? ஆனால் இவர்களில் பலருக்கு அதுதான் முதல் விமானம், அதுதான் கடைசி வெளிநாடும். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் சொல்ல முடியாது.

அன்று பஸ் கொலோசியத்தை நெருங்கும்போது மைக்கில் அறிவித்தார்கள். "இதுதான் நீரோ மன்னன் கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போட்ட இடம். இருபது நிமிஷம் டைம். போட்டோ எடுத்துட்டு இதே இடத்துக்கு வந்திரணும்." இறங்கினோம். எதிரே அண்ணாந்து பார்க்க முடியாத உயரத்தில் சுவர். நம் கருங்கல் ஊர்ப் பக்கமிருந்து வந்திருந்த ஓர் அம்மச்சி, "இவ்வளவு தூரம் வந்துட்டு உள்ள போவண்டாமா மக்களே?" என்று கேட்டார். "உள்ள ஒண்ணும் இல்ல அம்மச்சி, இடிஞ்ச சுவருதான்" என்று பதில் வந்தது. அம்மச்சி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அங்கிருந்து ஒரு தோல் பை கடைக்குப் போனோம். கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். ஜெபமாலை கடையில் இன்னொரு மணி நேரம்.

மைக்கில் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் என்னை அதிகம் வருத்தியது. நீரோ இறந்தது கி.பி. 68-ல். கொலோசியத்தின் வேலையைத் தொடங்கியது அவனுக்குப் பின் பேரரசனான வெஸ்பாசியன். 80-ல் அதைத் திறந்து வைத்தது வெஸ்பாசியனின் மகன் டைட்டஸ். நீரோ அந்தக் கட்டடத்தைக் கண்ணாலும் பார்த்ததில்லை. அவன் காலத்தில் அந்த இடத்தில் அவனுடைய பொன் மாளிகையைச் சேர்ந்த செயற்கை ஏரி இருந்தது. 64-ல் ரோம் எரிந்த பிறகு, ஊராரின் நிலத்தை வளைத்து அவன் கட்டிக்கொண்ட மாளிகை அது. வெஸ்பாசியன் அந்த ஏரியை வற்றவைத்து, அதே பள்ளத்தில் ஊர் மக்கள் உட்கார்ந்து பார்க்கும் களத்தை எழுப்பினான். நீரோவின் பெயரை ஊர் மறக்க வேண்டும் என்று கட்டியது என்றே சொல்லலாம். அதன் வாசலில் நின்று, நம் சனங்களுக்கு அதை நீரோவின் கட்டடம் என்று சொல்லிக்கொடுக்கிறோம்.

நீரோ கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்தியது பொய்யில்லை. தீ வைத்த பழியை அவர்கள்மேல் போட்டு, நாய்களை ஏவிக் குதறவைத்தான், சிலுவையில் அறைந்தான், உயிரோடு கொளுத்தினான் என்று ரோம வரலாற்றாசிரியன் டாசிட்டஸே எழுதி வைத்திருக்கிறான். ஆனால் அது நடந்தது வத்திக்கான் பக்கத்தில், நீரோவின் தோட்டத்திலும் பந்தயக் களத்திலும். புனித பேதுரு சதுக்கத்தின் நடுவில் நெடிய ஒற்றைக்கல் தூண் ஒன்று நிற்கிறது அல்லவா? எகிப்திலிருந்து வந்த அந்தத் தூண் முன்பு அந்தப் பந்தயக் களத்தில்தான் நின்றது. 1586-ல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் காலத்தில்தான் அதை இப்போதைய இடத்துக்கு நகர்த்தினார்கள். பேதுரு உயிர்விட்டதாக மரபு சொல்லும் களத்தில் நின்ற கல் அது. தேவசகாயம் புனிதரான அன்று நம் ஊர்க்காரர்கள் அந்தத் தூணைச் சுற்றித்தான் நின்றிருப்பார்கள். அந்தக் கல்லைத் தொட்டுக்காட்டி அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் அங்கேயே முழங்காலிட்டிருப்பார்கள்! உங்கள் மைக் அந்தச் சதுக்கத்தில் எதுவும் சொல்லவில்லை.

சரி, உள்ளே என்ன இருக்கிறது?

மகளோடு போன அன்று முதலில் என் கண்ணில் பட்டது வாசல்களின் தலைக்கு மேல் வெட்டியிருந்த எண்கள். மொத்தம் 80 வாசல்கள். அரசனுக்கும் பெரிய மனிதர்களுக்கும் உரிய நான்கைத் தவிர மற்றவற்றுக்கு எண் உண்டு. வெளிச்சுவர் இன்றும் நிற்கும் பக்கத்தில் 23 முதல் 54 வரை ரோமன் எண்களில் வாசிக்கலாம். பார்க்க வருகிறவன் கையில் உள்ள சீட்டு வில்லையில் எந்த வாசல், எந்தப் படி என்று இருக்கும். அதைப் பார்த்து நேரே தன் இடத்துக்குப் போய்விடுவான். 50,000 பேரை நெரிசல் இல்லாமல் உள்ளே அனுப்பி வெளியே எடுக்க அன்றைக்கே வழி கண்டிருக்கிறார்கள். கட்டடம் 189 மீட்டர் நீளம், 156 மீட்டர் அகலம், உயரம் ஏறக்குறைய 48 மீட்டர். நம் வள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி. அதைவிட இந்தச் சுவர் உயரம் என்று மனக்கணக்குப் போட்டபோதுதான் எனக்கு அதன் அளவு பிடிபட்டது. இப்படி ஓர் அளவை நம் ஊரிலிருந்து எடுத்துச் சொன்னால் எந்த அம்மச்சிக்கும் புரியும்.

சுவரெல்லாம் அம்மை வடு போலப் பொத்தல்கள். கற்களைக் கோத்துப் பிடித்திருந்த இரும்புப் பிடிகளைப் பிற்காலத்தில் தோண்டி எடுத்துக்கொண்டு போன தடம் அது. 1349 நிலநடுக்கத்தில் தெற்குப் பக்கத்து வெளிச்சுவர் சரிந்தது. விழுந்த கல்லையெல்லாம் மாளிகைக்கும் கோவிலுக்கும் ஊர் எடுத்துக்கொண்டது. "இடிஞ்ச சுவரு" என்று அன்று சொன்னார்களே, இடிந்த கதையே இத்தனை இருக்கிறது.

கூரை கதையை நம் கடற்கரை சனங்களுக்கென்றே எடுத்து வைத்திருக்கிறேன். கொலோசியத்துக்கு மேல்மூடி கிடையாது. வெயில் நாட்களில் பார்வையாளர் தலைக்கு மேல் மிகப் பெரிய துணிப் பந்தலைக் கயிறும் கம்பமும் வைத்து இழுத்து விரிப்பார்கள். உச்சிச் சுவரில் அந்தக் கம்பங்களைத் தாங்கிய கல் முட்டுகளை இன்றும் பார்க்கலாம். அந்த வேலையைச் செய்தவர்கள் தச்சர்களோ கொத்தனார்களோ இல்லை, கப்பல்காரர்கள். மிசேனம் துறைமுகத்துக் கடற்படையிலிருந்து அதற்கென்றே மாலுமிகளைக் கொண்டுவந்து ரோமில் தங்க வைத்திருந்தார்கள். காற்றின் போக்கறிந்து பாய் இழுக்கத் தெரிந்த கைக்குத்தான் அது முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் குழுவில் குளச்சல்காரர் ஒருவர் இருந்தார், பாய்மரம் வைத்துக் கடலுக்குப் போன காலத்தவர். அவர் அந்த முட்டுகளை அண்ணாந்து பார்த்திருந்தால், எங்களுக்கே அவர்தான் விளக்கம் சொல்லியிருப்பார். அவருக்குக் கிடைத்தது தோல் பை கடை.

களத்தின் தரை இப்போது பெரும்பாலும் இல்லை. அதனால் அடியில் இருந்த பாதாள அறைகள் திறந்து கிடக்கின்றன. டைட்டஸின் தம்பி டொமிஷியன் கட்டியவை. ஒடுங்கிய நடைகள், விலங்குகளை அடைத்த கூண்டறைகள், ஆட்கள் சுற்றிச் சுற்றி இழுத்து மேலே ஏற்றிய மர லிஃப்டுகளின் தடம். ஒரு லிஃப்டை மாதிரிக்குச் செய்தும் வைத்திருக்கிறார்கள். அடிமைகள் இருட்டில் சக்கரம் சுற்ற, மேலே மணலில் திடீரென்று சிறுத்தை முளைக்கும், கூட்டம் கைதட்டும். திறப்பு விழா மட்டும் 100 நாள் நடந்தது. அதில் 9,000 விலங்குகள் செத்ததாக ரோம வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் எழுதுகிறார். மனிதர்களின் கணக்கு அங்கே இல்லை. உட்காரும் இடத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு. செனட்டர்களுக்குக் களத்தின் ஓரத்திலேயே பளிங்கு இருக்கை. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் எட்டாத உயரத்தில் மரப் பலகை. தோள்சீலைக்குப் போராடிய மண்ணிலிருந்து போகிறவர்கள் நாம். யார் எங்கே உட்காரலாம், யார் என்ன உடுத்தலாம் என்று ஆளுகிறவன் வகுத்த சட்டத்தை நமக்கு யாரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

இப்போது நல்லமிளகுக்கு வருகிறேன். நம் வீட்டுப் பலாவிலும் முருங்கையிலும் படர்ந்து கிடக்கிறதே, அதே நல்லமிளகு.

கொலோசிய டிக்கெட்டிலேயே பக்கத்திலுள்ள ஃபோரம் என்ற பழைய நகர்மன்றப் பகுதியும் பலத்தீன் குன்றும் சேர்ந்து வருகின்றன. அங்கே டைட்டஸ் பெயரில் நிற்கும் கல் வளைவிலிருந்து பழைய கல்பாவிய தெருவில் கொஞ்சம் இறங்கினால் மாக்சென்டியஸ் மன்றத்தின் மிகப்பெரிய வளைகூரைகள் தெரியும். அதன் அடியில் அதற்கும் பழைய ஒரு கிடங்கு இருந்தது. டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு. மிளகையும் வாசனைப் பொருட்களையும் வைப்பதற்கென்றே ரோமின் நடு மையத்தில் ஒரு கிடங்கு! அந்த மிளகு வேறெங்கே விளைந்திருக்கும்? நம் மேற்கு மலையின் அடிவாரத்தில் விளைந்து, சேரநாட்டு முசிறி போன்ற துறைகளில் கப்பலேறி, பருவக்காற்றில் செங்கடல் போய், ஒட்டகத்திலும் நைல் படகிலும் ஏறி, மறுபடி கடல் கடந்து அங்கே சேர்ந்தது. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தில், கோவில் ஒன்றில் புதைந்திருந்த இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகை அகழாய்வாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். யவனர் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பினார்கள் என்று அகநானூறு சொல்வதைப் பள்ளிக்கூடத்தில் நடத்தியிருக்கிறேன். அந்தக் கறி போய் இறங்கிய இடத்தில் நிற்கும்போதுதான் அந்தப் பாடம் எனக்கே முழுமையானது.

பிளினி என்ற ரோம அறிஞர் இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். இந்தியா ஆண்டுதோறும் ரோமப் பேரரசிலிருந்து 5 கோடி செஸ்டெர்ஸ் பணத்தை உறிஞ்சிவிடுகிறதே என்று. உறைப்பைத் தவிர மிளகில் அப்படி என்ன இருக்கிறது என்று அவருக்கு ஆச்சரியம். அவர் தன் பெரிய நூலைக் காணிக்கையாக்கியது இதே டைட்டஸுக்கு. அவர் தலைமை தாங்கியது இதே மிசேனம் கடற்படைக்கு. கொலோசியம் திறப்பதற்கு முந்தைய ஆண்டு, 79-ல், வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது மக்களை மீட்கக் கப்பலெடுத்துப் போய் உயிர்விட்டார். அதே நூற்றாண்டில் கிரேக்க மொழியில் ஒருவர் எழுதிவைத்த கடல் வழிக் கையேட்டில் நம் குமரி முனையின் பெயரும் இருக்கிறது. அங்கே துறையுண்டு, வாழ்நாளெல்லாம் துறவு காக்க விரும்புகிறவர்கள் வந்து நீராடுகிறார்கள், ஒரு தெய்வப் பெண் அங்கே நீராடியதாகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். ஆக, கொலோசியம் எழுந்துகொண்டிருந்த காலத்திலேயே அந்த ஊருக்கு நம் முனையைத் தெரியும், நம் மிளகின் ருசி தெரியும். நாம் அங்கே யாரோ ஒருவர் வீட்டை வேடிக்கை பார்க்கப் போகவில்லை. இதை பஸ்ஸில் ஐந்து நிமிஷம் சொன்னால் போதும், உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அருட்தந்தையர்களே, அடுத்துச் சொல்வது முக்கியமாக உங்களுக்கு. எருசலேம் பயணத்தில் ஒலிவ மலையில், ஆண்டவர் நகரைப் பார்த்து அழுத இடத்திலுள்ள ஆலயத்துக்குக் கூட்டிப்போகிறீர்கள். கீழே மேற்குச் சுவரில் யூதர்கள் தலை சாய்த்துச் செபிப்பதைக் காட்டுகிறீர்கள். அந்தக் கோவிலை 70-ல் இடித்தது யார்? டைட்டஸ். கொலோசியத்திலிருந்து நாலு எட்டில் அவன் பெயரில் ஒரு வளைவு நிற்கிறது. அதன் உட்பக்கச் சுவரில் எருசலேம் கோவிலிலிருந்து கொள்ளையடித்த ஏழு கிளை விளக்குத் தண்டையும், அப்ப மேசையையும், எக்காளங்களையும் ரோம வீரர்கள் தோளில் சுமந்து வருவதைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த விளக்கின் கிளைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கொலோசியம் கட்டிய காசும் அந்தப் போர்க் கொள்ளையில் வந்ததுதான் என்கிறார்கள். அங்கே ஒரு கல்லில் பதித்திருந்த வெண்கல எழுத்துகள் எல்லாம் போய்விட்டன. அவை பொருந்தியிருந்த துளைகளை மட்டும் வைத்து, 'போரில் கிடைத்த பொருளைக் கொண்டு' பேரரசன் வெஸ்பாசியன் கட்டியது என்று 1995-ல் ஓர் அறிஞர் வாசித்துக் காட்டினார்.

ஆண்டவர் எதை நினைத்து அழுதாரோ அது நடந்து முடிந்த பிறகு, அந்தக் கொள்ளைப் பொருளின் படமும் அந்தக் காசில் எழுந்த கட்டடமும் ரோமில் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டு ஊருக்கும் ஒரே பயணத்தில் கூட்டிப்போகிறவர்கள் நீங்கள். இதைச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? எங்கள் பஸ் அந்த வளைவின் பக்கமே போகவில்லை. நானே மகளோடு போய்த்தான் பார்த்தேன். அந்த விளக்குத் தண்டின் முன்னால் நிற்கும்போது ஒலிவ மலையில் நாங்கள் பாடிய பாட்டு நினைவுக்கு வந்து கண் நிறைந்துவிட்டது. மகள் என்னம்மா என்று கேட்டாள், எனக்குப் பேச்சு வரவில்லை.

கொலோசியத்தில் கிறிஸ்தவர்கள் வேதசாட்சிகளாக மரித்தார்களா என்று கேட்பீர்கள். பிற்கால மரபு அப்படிச் சொல்கிறது. அந்தியோக்கு ஆயர் புனித இஞ்ஞாசியார் டிராஜன் காலத்தில் ரோமில் விலங்குகளுக்கு இரையானார் என்பது திருச்சபையின் நினைவு. ஆனால் இன்னார் இந்தக் களத்தில்தான் மரித்தார் என்று காட்டும் அந்தக் காலத்து ஆவணம் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இதைச் சொன்னால் சனங்களின் பக்தி குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள். 1750-ல் திருத்தந்தை 14-ம் பெனடிக்ட் அங்கே சிலுவைப்பாதை நிலைகளை நிறுவியதால்தான் கல் திருடும் கைகள் நின்றன. 1964-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் புனித வெள்ளி சிலுவைப்பாதையை மறுபடி அங்கே நடத்தினார், அந்த வழக்கம் தொடர்கிறது. களத்தின் ஓரத்தில் ஒரு சிலுவை நிற்கிறது. யாருடைய பெயரும் தெரியாமல் அங்கே செத்த அத்தனை பேருக்கும், அடிமைக்கும் போர்க்கைதிக்கும், அந்தச் சிலுவையின் முன் ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்லலாம். வேதசாட்சிகளுக்காக மட்டும்தான் செபிக்க வேண்டும் என்று இல்லையே. உலகத்தில் எங்காவது ஒரு மரண தண்டனை நீக்கப்பட்டால் அல்லது ஒரு நாடு அந்தத் தண்டனையையே ஒழித்தால், அன்று இரவு கொலோசியத்தில் விளக்கு வெளிச்சத்தை மாற்றி ஏற்றும் வழக்கமும் 1999 முதல் இருக்கிறது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

உங்கள் பதில்கள் எனக்குத் தெரியும், பலமுறை கேட்டிருக்கிறேன். நேரம் இல்லை என்பீர்கள். கடைகளில் செலவிட்ட நேரத்தைத் திருப்பிக்கொடுத்தாலே போதும். டிக்கெட் விலை ஏறும் என்பீர்கள். கொலோசியம், ஃபோரம், பலத்தீன் சேர்ந்த சாதாரண டிக்கெட் 18 யூரோ, ரூபாயில் ஏறக்குறைய இரண்டாயிரம். லட்சங்களில் பணம் கட்டுகிறவரிடம் அதைச் சேர்த்து வாங்குங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுளித்தாலும், வேண்டாம் என்று முடிவு செய்கிறவர் அவராக இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு இலவசம். ஆனால் டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒவ்வொருவர் பெயரும் வேண்டும், வாசலில் ஒத்துப் பார்க்கிறார்கள். நேரமும் குறித்துத்தான் தருகிறார்கள். ஆகவே அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. விற்பனை திறக்கும் நாளிலேயே வாங்கிவிட வேண்டும். விசாவுக்கு எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் உங்கள் கையில்தானே இருக்கிறது, அந்தப் பெயர்ப் பட்டியலே போதும். பாதாள அறைகளுக்கு வேறு டிக்கெட். அது எல்லோருக்கும் வேண்டியதில்லை, மேலிருந்தே நன்றாகத் தெரிகிறது.

வயசானவர்களால் நடக்க முடியாது என்பதுதான் நீங்கள் அதிகம் சொல்வது. அந்த அக்கறையை மதிக்கிறேன், எனக்கும் முழங்கால் வலி உண்டு. அதற்காகத்தான் அரை நாள் கேட்கிறேன். இருபது நிமிஷத்தில் ஓடச்சொன்னால்தான் முடியாது. நிதானமாக விட்டால் எங்கள் அம்மச்சிகள் நடப்பார்கள், மலையாற்றூர் ஏறியவர்கள் அவர்கள். மேல் தளத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. முதல் தளத்தில் நின்றே முழுக் களத்தையும் பார்க்கலாம். தெருவில் பாவிய கல் மேடு பள்ளமாக இருப்பதால் வழுக்காத செருப்பு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணாடிப் பாட்டிலும் பெரிய பையும் உள்ளே விடமாட்டார்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, தெருவோரக் குழாய்களில் எந்நேரமும் நல்ல தண்ணீர் ஓடுகிறது. காலை முதல் நேரத்தை எடுத்தால் வெயிலும் தப்பும், நெரிசலும் தப்பும். நடக்கவே முடியாதவர்களோடு ஒருவர் வெளியே நிழலில் உட்கார்ந்திருக்கட்டும். அவர்களுக்காக மற்ற எல்லோரையும் வெளியே நிறுத்த வேண்டாம்.

நம் சனங்களுக்குக் கோவில் பார்த்தால் போதும், வரலாறு பிடிக்காது என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. பத்மநாபபுரம் அரண்மனையில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். கைக்குழந்தையோடு, சோற்றுப் பொதியோடு எத்தனை குடும்பங்கள் அந்தப் பலகைப் படிகளில் ஏறி இறங்குகின்றன! சிதறால் மலையில் ஏறுகிறார்கள், வட்டக்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பீரங்கி மேடையைக் காட்டுகிறார்கள். பிடிக்காது என்று முடிவு கட்டும் முன் ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிப் பாருங்கள்.

பயணத்துக்கு முன் நீங்கள் நடத்தும் கூட்டத்தில் ஸ்வெட்டர், மாத்திரை, ஊறுகாய், பெட்டியின் எடை எல்லாம் சொல்கிறீர்கள். அவையும் வேண்டியதுதான். அதோடு ஒரு மணி நேரம் வரலாற்றுக்கு ஒதுக்குங்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கல்லூரிகளில் வரலாறு நடத்துகிற பேராசிரியர்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். நாலு பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் ஒரு கையேடு அடித்துக் கொடுங்கள். முடிந்தால் அதற்கு முந்தைய ஞாயிறு குழுவை புலியூர்க்குறிச்சிக்குக் கூட்டிப்போய் உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறையைக் காட்டுங்கள். குளச்சல் போரில் பிடிபட்ட அந்த டச்சுத் தளபதியிடமிருந்துதான் தேவசகாயம் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டார். அங்கிருந்து கோட்டாறு பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறைக்குப் போங்கள். அந்தப் பாதையில் நடந்துவிட்டு ரோமுக்குப் போகிறவர், புனித பேதுரு சதுக்கத்தில் நிற்கும்போது என்ன பார்க்கிறோம் என்று தெரிந்து நிற்பார்.

அடுத்த குழுவுக்கான நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கும் முன், 'கொலோசியம்' என்ற வரிக்குப் பக்கத்தில் 'உள்ளே நுழைவு, அரை நாள், டிக்கெட் உட்பட' என்று சேர்த்துக்கொடுங்கள். வெளியே நின்று பார்ப்பதுதான் என்றால் அதையாவது தெளிவாக எழுதுங்கள், பணம் கட்டும் முன் எங்களுக்குத் தெரியட்டும். பயணம் போகிறவர்களும் முன்பணம் கொடுக்கும்போதே இதைக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். கையேடு எழுதவும், கூட்டத்தில் வந்து பேசவும் என்னைக் கூப்பிட்டால் எந்தப் பங்கானாலும், சி.எஸ்.ஐ. சபையானாலும் வருகிறேன். பஸ் காசுகூட வேண்டாம். கொலோசியத்துக்குள் எடுத்த படங்களும், டைட்டஸ் வளைவின் விளக்குத் தண்டுப் படமும் என்னிடம் நிறைய இருக்கின்றன. பெரிதாக்கிக் கொண்டுவருவேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர்,
விளவங்கோடு வட்டம், குமரி மாவட்டம்